ஆடியில் திறக்க மறுத்த கைத்தடி

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்து பங்களா ஒன்றைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்த பழைய சாமான்களுக்கிடையே, 36 அங்குல நீளமுள்ள மலாக்கா பிரம்புக் கைத்தடி ஒன்றைக் கண்டேன். வெள்ளிப் பட்டைக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு சுற்றி ஓடியதால், உள்ளே வாள் அலகு மறைந்திருப்பது புரிந்துவிட்டது. நம் நாட்டு ஆயுத விதிகள் வாள்களோடு இத்தகைய தடிகளையும் சேர்த்தே குறிப்பிடுவதால், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுத்தேன்; வாங்க நினைக்கும் எவரும் இதைத் தவிர்க்கவே கூடாது.

அது ஆடி மாதம். எவ்வளவு இழுத்தும் தடி திறக்கவில்லை. அத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், "இழுக்காதீங்க தம்பி, பிரம்பு தண்ணி குடிச்சிருக்கு. பனி விழட்டும்" என்றார். பொத்தானை அழுத்தித் திறப்பவையும், கால் சுற்று திருகித் திறப்பவையும் உண்டு. என்னுடையதோ வெறும் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் வகை. பலவந்தமாக முறுக்கியிருந்தால் கைப்பிடிக்குள் பதிந்திருக்கும் அலகின் வால் ஆட்டம் கண்டிருக்கும் என்பதால், அடுப்படிக்கு அருகில்கூட வைக்காமல் காத்திருந்தேன்.

ஜனவரியில் உறைபனி விழுந்து காற்று உலர்ந்த ஒரு காலையில், சிறு முனகலோடு அலகு தானாக நழுவி வந்தது. 27 அங்குலம், நான்கு முகம் கொண்டது, வெட்டுவாய் கிடையாது, குத்துவதற்கென்றே செய்தது. கைப்பிடியை ஒட்டிக் கொடி வேலைப்பாடும், நுனியருகே கேழ்வரகு அளவில் துருப்புள்ளிகளும் இருந்தன. துருவைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்து எடுத்தேன். தேங்காய் எண்ணெய் இம்மலைக் குளிரில் உறைந்து உறைக்குள் அடைத்துக்கொள்ளும். அதைத் தொடவே வேண்டாம்.

வெள்ளிப் பட்டையில் நங்கூர முத்திரையும் நடக்கும் சிங்கமும் உள்ளன. அதாவது பர்மிங்காமில் சோதிக்கப்பட்ட, ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மையுள்ள வெள்ளி. ஆனாலும் பட்டையின் ஆண்டை அலகின் ஆண்டாகக் கொள்ள நான் துணிவதில்லை, ஏனெனில் பட்டைகள் பின்னாளில் மாற்றப்படுவதுண்டு. பழமைக்கு நான் பெரிதும் நம்புவது, தரையில் ஊன்றும் முனையில் இருக்கும் அடிப்பூணைத்தான். புதிதாகச் செய்து பழசாக விற்கப்படும் தடிகளில் பூண் சுற்றிலும் சீராக அராவப்பட்டிருக்கும்; இதிலோ ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. பெரியவரிடம் காட்டியபோது, அலகை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தத் தேய்மானத்தையே வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.