சுட்டிக்கு எது ஒத்துக்கொள்ளுது எண்டு கண்டுபிடிச்ச கதை

நாவற்குடாவில இருந்து:

எங்கட சுட்டி பொமரேனியன் நாய், வயசு மூணு. நாலு கிலோதான் இருப்பா. போன கச்சான் காத்துக் காலம் தொடங்கி முன்னங்காலை நக்கினபடியே கிடந்தா. வெள்ளை மயிர், ஆனா விரல் இடுக்கு மட்டும் துருப்பிடிச்ச நிறம். எதில மிதிச்சாளோ எண்டு கழுவிக் கழுவிப் பார்த்தன், போகல்ல. எச்சில் ஊறி ஊறி வாற நிறமாம். காதைத் திறந்தா அப்பத்துக்குப் புளிக்க வைச்ச மா மணம்.

கடையில கேட்டன். ஒவ்வாமைக்கு நல்லது எண்டு ஒரு பை தந்தாங்க, முன்பக்கம் பெரிய சால்மன் மீன் படம். ரெண்டு மாசம் போட்டும் சொறி நிக்கல்ல. ஒருநாள் மகள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போன்ல படம் எடுத்துப் பெருசாக்கி வாசிச்சாள். மூணாவதா கோழித்தூள், கீழே கோழிக் கொழுப்பு. படத்துக்குத்தான் காசு கட்டியிருக்கிறன்.

மறுகாதான் மிருக வைத்தியரிட்டக் கொண்டு போனது. அவர் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கவே விடல்ல. தெள்ளுச் சீப்பால வாரி, தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில பார்த்து, காதுக்கு மருந்தும் தெள்ளுக்குக் குளிசையும் தந்தார். ஒரு மாசத்தில சொறி பாதியாக் குறைஞ்சுது. மிச்சப் பாதிக்குத்தான் சாப்பாட்டுச் சோதனை. இரத்தம் எடுத்துப் பார்க்கேலாதா எண்டு கேட்டன். சாப்பாட்டு ஒவ்வாமைக்கு அந்த முடிவை நம்பேலாதாம்.

"பிறந்ததில இருந்து இவ வாயில பட்டதெல்லாம் எழுதிக்கொண்டு வாங்க" எண்டார். கோழி, மாடு, முட்டை, பால்மா, பாண், இறால் தலை எண்டு கொப்பியில ஒரு பக்கம் நிரம்பிச்சு. நெட்ல எல்லாரும் மீன் குடுங்க எண்டு எழுதுறாங்களே எண்டு கேட்டன். மனுசன் சிரிச்சார். "மட்டக்களப்பில வளர்ற நாய்க்கு மீன் புதுச் சாப்பாடா? உடம்பு முன்னப்பின்ன காணாத இறைச்சிதான் வேணும்." மிஞ்சினது ஆடும் பன்றியும். பன்றியை எங்கட அம்மா அடுப்பில ஏத்த விடமாட்டா. ஆடுதான் எண்டு முடிவாச்சு, கூட வத்தாளங்கிழங்கு. உப்பு, வெங்காயம், உள்ளி ஒண்டும் இல்லாம வெறும் தண்ணியில அவிச்சது. விலையைக் கேட்டுத் தலை சுத்தினாலும், சின்ன நாய்க்கு ஒரு நாளைக்கு எண்பது கிராம் போதும். கிழமைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. லாப்ரடோர் எண்டா வீட்டை ஈடு வைச்சிருப்பன்.

எட்டுக் கிழமைக்கு வேற ஒண்டும் வாயில படப்படாது. மூணாம் கிழமை விடிய எழும்பிக் குசினிப் பக்கம் போறன், அம்மா பால் தேத்தண்ணியில ரஸ்க்கைத் தோய்ச்சு, கொஞ்சம் தனக்கு, கொஞ்சம் சுட்டிக்கு. எவ்வளவு நாளாம்மா எண்டு கேட்டா, "பச்சப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கக்குள்ள நான் மட்டும் எப்படிக் கா தின்னுற?" திரும்ப முதலாம் கிழமையில இருந்து எண்ணினன்.

ரெண்டாம் தரம் ஆறாம் கிழமையில நக்கிறது நிண்டுது. எட்டு முடிஞ்சதும் பழைய சாப்பாட்டை ஒவ்வொண்டாக் குடுத்துப் பார்க்கச் சொன்னார். கோழி குடுத்த மூணாம் நாள் பின்னேரம் கதிரைக்குக் கீழே இருந்து அந்தச் சத்தம், சளக் சளக் எண்டு. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது.

திருக்கோவிலில இருந்து:

எங்கட நாயிட கதை வேற. விலை கூடின பை நாலு மாத்தியாச்சு. வாலடியில மயிர் கொட்டி இறைச்சி தெரிஞ்சுது. கடைசியில சாப்பாடே இல்ல, தெள்ளு. எனக்கு ஒரு தெள்ளும் கண்ணில படல்ல, ஏனெண்டா அவன் நக்கி விழுங்கிப் போடுறான். ஒவ்வாமை இருக்கிற நாய்க்கு ரெண்டு மூணு கடியே காணுமாம். மயிருக்குள்ள கிடந்த கறுப்புத் தூளை ஈரக் கடதாசியில உதிர்த்துப் பார்த்தன், சிவப்பாக் கரைஞ்சுது. தெள்ளுப் பீ, உள்ளுக்கு ரத்தம். பாய், சாக்கு எல்லாத்தையும் கொதிதண்ணியில போட்டம். வீட்டுப் பூனைக்கும் மருந்து வேணும், ஆனா நாய்க்குரிய மருந்தைப் பூனைக்குப் போடாதீங்க, சிலது உயிரையே எடுக்கும்.

பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொன்னவங்களும் இருக்கிறாங்க. பூசாதீங்க. அதையும் நக்கும்.

களுவாஞ்சிக்குடியில இருந்து:

நாங்க ஒவ்வாமை கிளம்பாம இருக்கப் புரதத்தைப் பொடியா உடைச்சுச் செய்யிற சாப்பாட்டைக் கொழும்பில இருந்து பஸ்ஸில எடுப்பிச்சம். நல்லாத்தான் வேலை செஞ்சுது. மாரி தொடங்க திரும்ப சொறி. பையைத் திறந்தபடி குசினியில வைச்சிருந்தது பிழை. ஈரத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி பிடிக்கும், அதுக்கும் சில நாய்க்கு ஒத்துக்காது. இப்ப சின்னப் பைதான் வாங்குறது, வாயை இறுக்கி மூடி வாளிக்குள்ள.

நாவற்குடா அக்கா, அவிச்ச சாப்பாட்டையே தொடர்ந்து குடுக்கிறீங்களா? வெறும் இறைச்சியும் கிழங்கும் எண்டா கல்சியம் காணாது. குட்டி நாய்க்கெண்டா இன்னும் கவனம். அதோட, அந்த ரஸ்க் என்ன ஆச்சு?

நாவற்குடாவில இருந்து:

இல்ல தங்கச்சி, எட்டுக் கிழமைக்குத்தான் அது. மீன் ஒத்துக்கொள்ளுறதால இப்ப மீன் பைதான், கோழி இல்லாதது, மூணு கடை ஏறி இறங்கிப் பின்பக்கம் வாசிச்சு எடுத்தது. பூச்சிக் குளிசையிலும் இறைச்சி வாசம் சேர்க்கிறாங்க, அதையும் கேட்டு வாங்குங்க.

ரஸ்க்கையும் ரெண்டு கிழமை குடுத்துச் சோதிச்சன். ஒண்டும் செய்யல்ல. அம்மா இப்ப வாறவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியுறா, "நான் அப்பவே சொன்னன்" எண்டு.