தொர்தோன் பக்கம் ஒரு வாரம்: அப்பா அம்மாவோடு, சைவச் சாப்பாட்டோடு

கொலோன்_குமார்:
செப்டம்பரில் திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பாரிஸ் போன தடவையே பார்த்தாச்சு. இந்த முறை பிரான்சின் கிராமப்பக்கம் கூட்டிப்போக ஆசை. ஏழு நாளில் லுவார் கோட்டைகள், புரோவான்ஸ் லாவெண்டர், தென்மேற்கில் தொர்தோன் ஆற்றுப் பக்கம், போர்தோ நகரம் என்று திட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டு பேரும் சுத்த சைவம். சரிப்படுமா?

துலூஸ்_அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பட்டியலில் மூன்றை அடித்துவிடுங்கள். லாவெண்டரை ஆகஸ்டுக்குள் அறுத்துவிடுவார்கள். செப்டம்பரில் மொட்டை வயல்தான் இருக்கும். தொர்தோன் மட்டும் போதும். சார்லா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஜீத் எடுங்கள். வாடகைக்கு விடும் கிராமத்து வீடுதான், அடுப்படி இருக்கும். நாங்கள் மூன்று தடவை போய்விட்டோம், இன்னும் அலுக்கவில்லை.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதற்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புதன், சனி காலையில் சார்லாவில் சந்தை. லா ரோக் கஜாக் கிராமத்தில் கபார் என்னும் தட்டையடிப் படகில் ஏறினால் ஒரு மணி நேரம் ஆற்றில் சும்மா உட்கார்ந்து வரலாம். அந்தக் காலத்தில் மரமும் ஒயினும் இறங்கிய வழி அது. பேனாக் கோட்டையும் காஸ்தெல்னோ கோட்டையும் எதிரெதிராக முறைத்துக்கொண்டு நிற்கும். நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது இங்கிலீஷ்காரர் பக்கம். அப்பாவைக் கோட்டைமேல் ஏற்றாதீர்கள், கீழிருந்தே அழகுதான்.

குகை ஓவியம் என்றால் எல்லாரும் லஸ்கோ என்பார்கள். அசல் குகையை 1963லேயே மூடிவிட்டார்கள், காட்டுவது நகல். நல்ல நகல்தான், ஆனால் முழங்கால்காரருக்கு என் ஓட்டு ருஃபிஞாக் குகைக்கு. மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் மாமூத் என்னும் பழங்கால ரோம யானைகளின் அசல் ஓவியங்களைப் பார்க்கலாம். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போய் இறங்காதீர்கள். நாங்கள் முதல் தடவை அப்படிப் போனோம். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. அன்று ராத்திரி நாலு பேருக்கும் வால்நட் பிஸ்கெட்டும் இரண்டு வாழைப்பழமும்.

கொலோன்_குமார்:
அக்கா, கோடி நன்றி. அம்மாவின் கவலை சாப்பாடுதான். சார்லா உருளைக்கிழங்கு வறுவல் ரொம்பப் பிரபலமாமே, அது சைவம்தானே?

துலூஸ்_அக்கா:
ஐயோ, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்! வாத்துக் கொழுப்பில் வறுப்பது அது. நானே பாதித் தட்டு சாப்பிட்ட பிறகுதான் கேட்டேன். பூண்டு சூப்பிலும் அதே கொழுப்பு விழும். அது வாத்து ஊர், அப்படித்தான். சந்தையில் வால்நட் ரொட்டி, கபேக்கூ ஆட்டுப்பால் சீஸ், தக்காளி வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா கண்டிப்பு என்றால் சீஸ் விற்பவரிடம் பாலை உறைய வைக்கும் ரென்னெட் எதிலிருந்து என்று கேளுங்கள். பெரும்பாலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பதுதான். ராத்திரிக்கு வீட்டிலேயே ரசம்.

ரயில்_பிரியன்:
நீங்கள் வரும் கொலோன் ரயில் பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனுக்குத்தானே வருகிறது? பக்கத்திலேயே லா ஷப்பல், நம் ஆட்கள் கடைகள். பருப்பு, புளி, கறிவேப்பிலையை அங்கே வாங்கிக்கொண்டு, ஆஸ்தர்லிட்ஸ் ஸ்டேஷன் போய், சார்லா பக்கம் இருக்கும் பிரீவ் ஊருக்கு ரயில் பிடியுங்கள். பிரீவில் கார் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் நிற்கும்.

கொலோன்_குமார்:
சனிக்கிழமை காலை இறங்குவதுபோல டிக்கெட்டை மாற்றிவிட்டேன். அம்மா இப்போதே ரசப்பொடி இடிக்கிறார்களாம்.