38 வருஷம் கழித்து வந்த முதல் ஜோடி ஆல்பம்: சேர்ந்து பாடினால் போதுமா, சேர்ந்து எழுத வேண்டாமா?

பழையரேடியோ:
அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியில் பேர்பெற்ற பாடகர்கள் எம்மிலூ ஹாரிஸும் ராட்னி குரோவெல்லும் சேர்ந்து பாடி 2013 பிப்ரவரியில் வெளிவந்த 'ஓல்ட் யெல்லோ மூன்' ஆல்பத்தை இந்த வாரம் மூன்று முறை கேட்டேன். இருவர் பெயரிலும் வந்த முதல் ஆல்பம் அது. குரோவெல் 1975-லேயே எம்மிலூவின் வாத்தியக் குழுவான ஹாட் பேண்டில் கிதார் வாசிக்கவும் கூடப் பாடவும் சேர்ந்தவர். ஆக, 38 வருஷக் காத்திருப்பு. அதற்குக் கிடைத்தது என்ன? பன்னிரண்டு பாட்டு. இருவரும் உட்கார்ந்து சேர்ந்து எழுதியது ஒன்றுகூட இல்லை. நாலு பாட்டில் குரோவெல் பெயர் இருக்கிறது, அவையும் பழையவை. 'புல் ரைடர்' 1979-லேயே கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிவிட்டது. 'ஹியர் வி ஆர்' அதே வருஷம் இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடியது, அதிலும் கூடப் பாடியவர் எம்மிலூதான். மீதியில் ரோஜர் மில்லர், கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் என்று அடுத்தவர் பாட்டுகள். குரல் இனிமை, வாசிப்பு சுத்தம், எல்லாம் சரி. ஆனால் இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய நண்பர்கள் கூடிப் பழைய பாட்டுகளைப் பாடிய ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

கம்பிக்காரன்:
ரேடியோ சார், நீங்கள் போட்ட கணக்கை நான் வேறு மாதிரி போடுகிறேன். முதல் பாட்டு 'ஹேங்கிங் அப் மை ஹார்ட்', நடுவில் 'ப்ளாக் கஃபீன்', கடைசியில் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு. மூன்றிலும் ஹேங்க் டிவிட்டோவின் கை இருக்கிறது. அவர் அதே ஹாட் பேண்டில் பெடல் ஸ்டீல் என்ற, மிதிகட்டை வைத்த கிதார் வாசித்தவர். குரோவெல்லின் நாலோடு இதையும் சேருங்கள், பன்னிரண்டில் ஏழு ஒரே பேண்டுக்காரர்கள் வீட்டுப் பாட்டு. தயாரித்தவர் பிரையன் ஆஹெர்ன். குரோவெல்லின் டெமோ டேப்பை (மாதிரிப் பதிவை) முதன்முதலில் எம்மிலூவுக்குப் போட்டுக் காட்டியவரே அவர்தான். அப்படிக் கிடைத்த 'ப்ளூபேர்ட் ஒயின்' 1975-இல் 'பீசஸ் ஆஃப் தி ஸ்கை' ஆல்பத்தின் முதல் பாட்டாக வந்தது. இதை 'அடுத்தவர் பாட்டு' என்று எப்படி ஒதுக்குவது?

அப்புறம், கன்ட்ரி இசையில் ஜோடி என்றால் முதலில் ஹார்மனி. ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் அதற்கு மேலேயோ கீழேயோ தனக்கு ஓர் இடம் தேடிக்கொள்வார். ஜோடிப் பாட்டுக்குப் பேர்போன லூவின் சகோதரர்கள் காலத்திலிருந்து இதுதான் இந்தக் கலையின் உயிர். எம்மிலூ இதைக் கற்றது பாடகர் கிராம் பார்சன்ஸ் பக்கத்தில் நின்று. 1973-இல் பார்சன்ஸ் 26 வயதில் இறந்துபோனார், கற்றது இவரிடம் தங்கிவிட்டது. நான் சின்ன மேடைகளில் கிதார் வாசித்துக் கூடப் பாடுகிறவன். அந்த இரண்டாவது குரலைப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். முன்னால் பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த சொல்லை இழுப்பார், எதை விழுங்குவார் என்று வாயைப் பார்த்தே பிடிக்க வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். தாளில் பெயர் வராது என்பதால் அது படைப்பு இல்லையா?

பழையரேடியோ:
ஹார்மனியின் அருமை தெரியாமல் பேசவில்லை தம்பி. என் குறை வேறு. 2000-இல் வந்த 'ரெட் டர்ட் கேர்ள்' ஆல்பத்தில் பன்னிரண்டில் பதினொரு பாட்டு எம்மிலூ தனியாகவோ கூட்டாகவோ எழுதியது. அதுவரை மற்றவர்கள் பாட்டைப் பாடுகிறவர் என்று பேர் வாங்கியிருந்தவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு அப்படி ஓர் ஆல்பம் கொடுத்தார். குரோவெல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாட்டு எழுதுவதே அவர் தொழில். இந்த இருவரும் 2013 ஆல்பத்துக்காக ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள், ஒரு பாட்டுகூட சேர்ந்து எழுதவில்லை. இரண்டே வருஷத்தில், 2015-இல், 'தி டிராவலிங் கைண்ட்' வந்தது. ஜோ ஹென்றி தயாரிப்பு. அதில் ஆறு பாட்டில் இருவர் பெயரும் இருக்கிறது. முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். எனக்கு அதுதான் உண்மையான முதல் ஆல்பம்.

ஊர்சுற்றி:
ஒரு சின்ன விஷயம். 2014 ஜனவரியில் 'ஓல்ட் யெல்லோ மூன்' ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது கன்ட்ரி பிரிவில் இல்லை, சிறந்த அமெரிக்கானா (கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ் எல்லாம் கலந்த இசை) ஆல்பம் என்ற பிரிவில். ஜார்ஜ் ஜோன்ஸும் ஜானி கேஷும் பாடிய பாட்டுகள் இருக்கிற ஆல்பத்துக்குக் கன்ட்ரி பிரிவில் இடமில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

வைகறை:
ரேடியோ அண்ணா, நீங்கள் இருவரும் யார் எழுதியது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் 'பேக் வென் வி வேர் பியூட்டிஃபுல்' பற்றிச் சொல்கிறேன். மட்ரேகா பெர்க் எழுதி 1997-இல் தானே பாடி வெளியிட்ட பாட்டு. ஒரு வயதான பெண் பழுப்பேறிய புகைப்படத்தை எடுத்துக் காட்டி, தன் கணவரோடு வாழ்ந்த நாட்களைச் சொல்கிறாள். நீ அழகாக முதுமை அடைகிறாய் என்று யாராவது சொன்னால் பிடிக்கவில்லை என்கிறாள்.

போன மாதம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இதைக் கேட்டேன். எம்மிலூவுக்கு அப்போது 65 வயது. பழைய தட்டுகளில் கண்ணாடி மாதிரி இருந்த குரல், இதில் ஓரம் தேய்ந்து, சொல்லின் கடைசியில் காற்றாகப் போகிறது. போர்வையின் இரண்டு முனைகளைக் கையில் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நின்றேன். இந்தப் பாட்டை அவரும் குரோவெல்லும் 1975-இல் பாடியிருக்க முடியுமா? எம்மிலூவுக்கு அன்று இருபத்தேழு, குரோவெல்லுக்கு இருபத்து நாலு. காத்திருந்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழையரேடியோ:
அந்தப் பாட்டைப் பற்றி எனக்கும் மறுபேச்சு இல்லை அம்மா. ஆனால் அதே ஆல்பத்தில் 'சேஸ் தி ஃபீலிங்', 'ப்ளாக் கஃபீன்' என்று அடுத்தடுத்து இரண்டு இருக்கிறதே. தாளம் முறுக்கிக்கொண்டு போகிறது, இருவரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள். அங்கே நீங்கள் சொன்ன வயதும் தெரியவில்லை, கம்பிக்காரன் சொன்ன பழக்கமும் தெரியவில்லை.

கம்பிக்காரன்:
அந்த இரண்டுக்காக நான் சண்டை போடமாட்டேன். 'ப்ளூபேர்ட் ஒயின்' மட்டும் கேளுங்கள் சார், 1975 பதிவை முதலில், 2013 பதிவை உடனே அடுத்து. பழையதில் எம்மிலூ முன்னால். புதியதில் எழுதியவரே முன்னால் நின்று பாடுகிறார், இளவயதில் எழுதிய சில வரிகளைத் திருத்திக்கொண்டு. தன்னைத் தூக்கிவிட்ட பாட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எம்மிலூ பக்கத்துக் குரலாக நகர்ந்துகொள்கிறார். இதற்கு மேல் ஒரு கூட்டுப் படைப்பு எனக்குத் தெரியவில்லை.

பழையரேடியோ:
நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன வரிசையிலேயே கேட்டேன். 1975 பதிவில் ஊருக்கே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு துள்ளல். 2013 பதிவில் குரோவெல் குரல் கொஞ்சம் கரகரத்து, சாவகாசமாக வருகிறது. எம்மிலூ சேரும் இடத்தில் ரிவைண்ட் செய்து நாலு தடவை கேட்டேன். இந்த ஒரு பாட்டுக்கு உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், இது சேர்ந்து செய்ததுதான். ஆல்பம் முழுக்க இப்படி இருந்திருந்தால் நான் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன். 2015 ஆல்பம்தான் மேல் என்பதிலும் மாற்றமில்லை.

வைகறை:
அப்படியானால் அடுத்த வாரம் 'தி டிராவலிங் கைண்ட்' ஆல்பத்துக்கு நீங்களே இழை தொடங்குங்கள் அண்ணா. அந்த ஆறு பாட்டையும் நான் கேட்டுவிட்டு வருகிறேன்.