ஆன்டிபாடி ரெப்பர்ட்வார்: ‘வகைத்திரள்’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் புரதமே ஆன்டிபாடி; தமிழில் எதிர்ப்பொருள் என்றும் பிறபொருளெதிரி என்றும் வழங்குகிறது. அதன் வகைகள் அனைத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ரெப்பர்ட்வார் (repertoire) என்பர். இதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட தொகுப்பு, தொகுதி, களஞ்சியம் ஆகியவற்றுள் முதல் இரண்டும் இடர் தருவன. இலங்கைப் பாடநூல்கள் ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்றும் நரம்பு மண்டலத்தை நரம்புத் தொகுதி என்றும் எழுதுவதால், அங்குள்ள மாணவர் ‘பிறபொருளெதிரித் தொகுப்பு’ என்பதை அப்புரதம் உருவாகும் செயல் என்றும், ‘பிறபொருளெதிரித் தொகுதி’ என்பதை ஓர் உறுப்பு மண்டலம் என்றுமே படிப்பார். களஞ்சியம் அழகான சொல்தான். ஆயினும் விளைந்து முடிந்து உள்ளே வைத்ததை அது குறிக்கிறது.

எதிர்ப்பொருள்களின் நிலை அதுவன்று. மனிதரிடம் புரதங்களுக்கான மரபணுக்களே ஏறத்தாழ 20,000 என்னும்போது, எதிர்ப்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு இருக்க வழியில்லை. மரபணுத் துண்டுகள் இடம்மாறி இணைவதை ஜப்பானிய அறிவியலாளர் சுசுமு டொனெகாவா 1976இல் காட்டினார். 1987இல் நோபல் பரிசு பெற்றார். எதிர்ப்பொருளை ஆக்கும் வெள்ளணு வகையான பி செல் உருவாகும்போது, 14ஆம் குரோமோசோமில் கனச் சங்கிலிக்குரிய (எதிர்ப்பொருளின் இருவகைப் புரதச் சங்கிலிகளுள் பெரியது) வி, டி, ஜே எனப்படும் மரபணுத் துண்டுகளில் ஒவ்வொன்று தேர்ந்து ஒட்டப்படுகிறது. ஒட்டுமிடத்தில் ஒரு நொதி, எந்த மூலப்படியையும் (template) பாராமல், சில நியூக்ளியோட்டைடுகளைச் செருகிவிடுவதால், அதே மூன்று துண்டுகளை எடுத்த இரு செல்கள்கூட வெவ்வேறு எதிர்ப்பொருள்களை ஆக்கக்கூடும். பின்னர் நிணநீர்க் கணுக்களில் நிகழும் திடீர் மரபணு மாற்றங்கள் இந்த வகைப்பெருக்கத்தை மேலும் கூட்டுகின்றன.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 10 பேரின் குருதியிலிருந்து ஏறத்தாழ 300 கோடி கனச் சங்கிலி வரிசைகளைப் படித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் ஆக்கக்கூடிய எதிர்ப்பொருள் வகைகள் ஒன்றுக்குப் பின் 18 சுழி இட்ட எண்ணை எட்டலாம் என மதிப்பிடுகிறது. ஓர் உடலின் மொத்தச் செல்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். ஆகவே ஒருவரிடம் இப்போது இருப்பதும் அவரால் ஆக்க இயல்வதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடம் தரும் சொல்லே நமக்கு வேண்டும்.

இதனால் ‘வகைத்திரள்’ என்பதை முன்வைக்கிறேன். எண்ணப்படுவது மூலக்கூறுகள் அல்ல, வகைகள் என்பதை முதற்பகுதி காட்டிவிடுகிறது. ஆக்க இயல்வதை இயல் வகைத்திரள் என்றும், இப்போது இருப்பதை நிகழ் வகைத்திரள் என்றும் பிரிக்கலாம். ‘டி செல் ஏற்பி வகைத்திரள்’ (டி செல் என்னும் மற்றொரு வெள்ளணுவின் ஏற்பிகளுக்கு), ‘வகைத்திரள் வரிசையறிதல்’ (repertoire sequencing) ஆகியவையும் நாவில் தடுக்கவில்லை. ‘திரள்’ கூட்டத்தைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். தடுப்பூசிக்குப் பின் சில வகைச் செல்கள் மட்டும் பல்கிப் பெருகி வகைத்திரளின் விகிதமே மாறுவதால், அந்தச் சாயல் இங்கு உதவியாகவே இருக்கிறது.

எதிர்ப்பொருளா பிறபொருளெதிரியா என்னும் பழைய வழக்கை இங்கே இழுக்க வேண்டாம். இரண்டோடும் இச்சொல் சேரும். ஒரே பி செல் வழிவந்த குழுவுக்கு ‘குலம்’ என்றால் போதுமா என்பதையும் அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.