குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைவது உண்மையிலேயே செலவில்லாமல்தானா?

வணக்கம். 11ஆம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். நேற்று ஒரு மாணவி கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். உயிர்வேதியியல் படித்தவர்கள் கைகொடுக்க வேண்டும்.

ஆக்சிஜன் செல் சவ்வின் கொழுப்புப் படலத்தில் தானாகவே நழுவிப் போகிறது. தண்ணீருக்கு அக்வாபோரின் என்ற புரத வழி இருக்கிறது. சிக்கல் குளுக்கோஸில்தான். சிவப்பணுவின் சவ்வில் குளூட்1 என்ற புரதம் வெளிப்பக்கம் வாய் திறந்து குளுக்கோஸைப் பிடிக்கிறது, வடிவம் மாறி உட்பக்கம் விடுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி செலவே இல்லை.

"இரண்டு பக்கமும் செறிவு சமமானால் நின்றுவிட வேண்டுமே?" என்றாள். உள்ளே வந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுவதால் உட்செறிவு குறைந்தே இருக்கிறது என்றேன். "அந்தப் பாஸ்பேட் ஏடிபியிலிருந்துதானே வருகிறது சார்? பிறகு எப்படி ஆற்றல் செலவில்லை என்கிறீர்கள்?" நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

சவ்வைக் கடக்கும் படியையும் அதற்குப் பின் நடப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால், குடலில் சோடியத்தோடு சேர்ந்து குளுக்கோஸ் நுழைவதை மட்டும் ஏன் செயல்மிகு கடத்தலில் (ஆற்றல் செலவாகும் கடத்தல்) சேர்க்கிறோம் என்று அடுத்து நிச்சயம் கேட்பாள். இந்த வேறுபாட்டை விளக்க உங்களிடம் நல்ல உவமை இருக்கிறதா? திங்கட்கிழமை மறுபடியும் அதே வகுப்பு.