டிஏஎஃப்-2 சாயம்: தூண்டாத செல்களும் ஏன் ஒளிர்கின்றன?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். சுண்டெலியின் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ் வகையைச் சேர்ந்த ரா 264.7 செல்களில் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதை, அது இருந்தால் ஒளிரும் டிஏஎஃப்-2 டைஅசிடேட் சாயத்தைக் கொண்டு அளந்து வருகிறேன். எங்களுடையது எலும்பு ஆய்வகம் என்பதால், இச்செல்களை ஆல்ஃபா எம்இஎம் ஊடகத்தில்தான் வளர்க்கிறோம். செல்களைத் தூண்டும் எல்பிஎஸ், இன்டர்ஃபெரான்-காமா இரண்டையும் கொடுத்து 18 மணி நேரம் கழித்து, நைட்ரிக் ஆக்சைடு மாறி உண்டாகும் நைட்ரைட்டை அளக்கும் கிரீஸ் சோதனை செய்தால், தூண்டிய குழிகளில் நைட்ரைட் 30 மைக்ரோமோலார் இருக்கிறது. தூண்டாதவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் அதே செல்களை ஹாங்க்ஸ் உப்புக் கரைசலில் கழுவி, அதிலேயே 5 மைக்ரோமோலார் சாயத்தை ஏற்றி, 485 நானோமீட்டர் ஒளியைச் சாயத்தின் மீது பாய்ச்சி 520இல் ஒளிர்வை அளந்தால், இரண்டும் ஒரே அளவில் ஒளிர்கின்றன. நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதிகளைத் தடுக்கும் எல்-நேம் சேர்த்தும் குறையவில்லை. நைட்ரிக் ஆக்சைடை அகற்றும் என்று நம்பிச் சேர்த்த கார்பாக்ஸி-பிடிஐஓ ஒளிர்வைக் கூட்டிவிட்டது. சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க, நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் டிஇஏ நோனோயேட்டைப் பாஸ்பேட் கரைசலில் கரைத்து வைத்து, அரை மணி நேரம் கழித்துச் சேர்த்தேன், அதற்கும் அசைவில்லை. சாயம் கெட்டுவிட்டதா?

பதில் 1:

வணக்கம். சாயத்தின் மீது பழி போடுவதற்கு முன், அது எதைப் பார்க்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நகானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட இந்தச் சாயம் நைட்ரிக் ஆக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து டைநைட்ரஜன் டிரையாக்சைடு போன்ற பொருளாக மாறிய பிறகே, அது சாயத்தின் அடுத்தடுத்துள்ள இரண்டு அமீன்களைப் பிடித்து, ஒளிரும் டிரையசோலாக்குகிறது. கார்பாக்ஸி-பிடிஐஓ ஒளிர்வைக் கூட்டியதன் காரணமும் இதிலேயே இருக்கிறது: அது நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டையாக்சைடாக மாற்றுகிறது, அந்த டையாக்சைடு எஞ்சிய நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால், சாயத்துக்கு வேண்டிய டிரையாக்சைடுதான் கிடைக்கும். ஆகவே இச்சாயத்தோடு அதை எதிர்ச்சான்றாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை.

அந்த இரண்டு அமீன்களை வேறு பொருள்களும் பிடிக்கும். வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் டிஏஎஃப்-2 உடன் இணைந்து, டிரையசோலின் நிறமாலையை ஒத்த ஒளிர்பொருளைத் தரும். உங்கள் ஆல்ஃபா எம்இஎம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கொண்டது. கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். மேக்ரோபேஜ்கள் அதை உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்திருக்கும், வெளியே கழுவுவதால் உள்ளிருப்பது போய்விடாது.

பதில் 2:

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்று. டிஇஏ நோனோயேட்டின் அரை ஆயுள் 37 பாகையில், பிஎச் 7.4இல் சுமார் இரண்டு நிமிடம்தான். நீங்கள் அரை மணி நேரம் கழித்துச் சேர்த்தது பெரும்பாலும் நைட்ரைட் கலந்த நீர். மூலக்கரைசலை 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் தயாரித்து, பனிக்கட்டியில் வைத்து, தேவைப்படும் நொடியில் சேருங்கள். அமிலச் சூழலில் டிஏஎஃப்-2 ஒளிர்வு குன்றும் என்பதால் பிஎச் அளவையும் கவனியுங்கள்.

பதில் 1:

நல்ல கவனிப்பு, நான் அதைத் தவறவிட்டேன். தூண்டிய செல்கள் ஏன் கூடுதலாக ஒளிரவில்லை என்பதற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. ஹாங்க்ஸ் கரைசலில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் கிடையாது. இச்செல்களில் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் ஐநாஸ் நொதி வெளியிலிருந்து வரும் ஆர்ஜினினையே பெரிதும் நம்பியிருப்பதால், நொதி இருந்தும் மூலப்பொருள் இல்லாத நிலை. கிரீஸ் சோதனை 18 மணி நேரச் சேமிப்பைச் சொல்கிறது. சாயமோ கழுவிய பிறகு நடப்பதை மட்டுமே சொல்லும். எனவே அளவிடும் கரைசலில் அரை மில்லிமோலார் ஆர்ஜினின் சேருங்கள், எல்-நேமுக்குப் பதில் ஐநாஸை மட்டும் தடுக்கும் 1400டபிள்யூ பயன்படுத்துங்கள், இறுதி அளவை விட நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் சாய்வைப் பதிவு செய்யுங்கள். டிரையசோல் உருவானால் திரும்புவதில்லை. ஆகவே உயர்ந்த அடித்தளத்தின் மேல் சிறு ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அஸ்கார்பிக் அமிலம் இல்லாத ஆல்ஃபா எம்இஎம்மில் நான்கு நாட்கள் வளர்த்து, ஆர்ஜினினோடு மீண்டும் செய்தேன். தூண்டாத செல்களின் ஒளிர்வு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தூண்டியவற்றின் சாய்வு தெளிவாக ஏறுகிறது. 1400டபிள்யூ அதில் பெரும்பகுதியைக் குறைக்கிறது. நோனோயேட்டும் வேலை செய்தது. எஞ்சிய பகுதி உண்மையில் என்ன என்பதுதான் இப்போது கேள்வி.

பதில் 1:

அதைத் தட்டு அளவியால் பிரித்தறிய முடியாது. செல்களை உடைத்தெடுத்து, கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் டிரையசோலைத் தனியே பிரித்துப் பாருங்கள். வைட்டமின் சி வழியாகச் சாயத்தோடு இணைந்து உருவான பொருள் வேறு நேரத்தில் வெளிவரும். அதற்கு வழியில்லையென்றால், ஒற்றை அமீன் மட்டும் கொண்ட 4-அமினோஃபுளோரசின் டைஅசிடேட்டை இணையாக ஏற்றிப் பாருங்கள். நைட்ரிக் ஆக்சைடால் அதை டிரையசோலாக்க முடியாது என்பதால், அதிலும் தூண்டிய செல்களே கூடுதலாக ஒளிர்ந்தால், அந்த வேறுபாடு சாயத்தை உள்ளிழுப்பதிலோ செல்லுக்குள் அதன் டைஅசிடேட் பகுதியை வெட்டும் எஸ்டரேஸ் நொதிகளின் செயல்பாட்டிலோ இருந்து வருகிறது.