கொல்லிமலை ஏற்றத்துக்குப் பழைய 407: டர்போவா, கிரவுன் பினியனா?

மலைலோடு: என்னிடம் இருப்பது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத பழைய டாடா 407 சிறிய லாரி. நான்கு சிலிண்டர், 2,956 சிசி. மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். சிமென்ட் ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில் திணறுகிறது. பெரிய லாரியில் கழற்றிய டர்போவை மாட்டி, டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பெரிதாக்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பினியன்: வேண்டவே வேண்டாம் தம்பி. ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர் எஞ்சினுக்குச் செய்த டர்போ அது. உங்கள் எஞ்சின் அதில் பாதிதான். 1,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,200 சுற்று) வெளியேறும் புகைக்கு அந்த விசிறியைச் சுழற்றும் வலு கிடையாது. வளைவில் தேவைப்படும் இழுவை, வளைவு முடிந்து வேகம் ஏறிய பிறகே வரும். நாசிலைப் பெரிதாக்கினால் காற்று போதாமல் டீசல் மட்டும் கூடும். கரும்புகை தள்ளும், சூடு ஏறிப் பிஸ்டன் தலையே உருகலாம்.

டீசல் பட்டறை: பெரிய டர்போ தவறு என்பதை ஏற்கிறேன். அதற்காக டர்போவே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. மலை உச்சியில் இந்த எஞ்சின் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். சீக்கிரம் சுழலத் தொடங்கும் சிறிய டர்போவும், காற்றழுத்தம் ஏறிய பிறகே டீசலைக் கூட்டும் பம்பும் சேர்ந்தால்தான் கீழ்வேகத்தில் இழுவை பிறக்கும்.

பினியன்: டர்போவை விட்டுவிட்டு, பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனைப் பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: கிரவுனில் 39 பல், பினியனில் 9 என்றால் விகிதம் 4.33. அதுவே 41க்கு 8 என்றால் 5.125. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சக்கரத்தில் 18 சதவீதம் கூடுதல் இழுவை! இறங்கும்போது எஞ்சின் பிடிப்பும் அதே அளவு கூடும். அந்த மலையில் ஏறுவதைவிட லோடோடு இறங்குவதுதான் எனக்குப் பயம். டர்போ அதற்கு என்ன செய்யும்?

டீசல் பட்டறை: நாமக்கல் சமவெளிச் சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் 18 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டுமே அண்ணா, அந்த டீசலை யார் கொடுப்பது? இதே 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் நகரும் தூரம்) டர்போ எஞ்சினும் உண்டு. அதை பிஸ்டன், பம்ப், ஆயில் பைப்போடு முழுதாக மாட்டிவிடலாம்.

பினியன்: அது எஞ்சின் மாற்றம். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அதற்கு முன், இருக்கிற எஞ்சின் முழு பலத்தோடு இருக்கிறதா? தம்பி, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்.

மலைலோடு: இப்போதுதான் பார்த்தேன். குபுகுபுவென்று புகை வருகிறது. கையை மேலே வைத்தால் சூடாக அடிக்கிறது.

பினியன்: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று) கீழே கசிகிறது. மெதுவாகச் சுற்றும்போதுதான் கசிய நேரம் அதிகம். அதனால் கீழ்வேக இழுவைதான் முதலில் போகும். கம்ப்ரஷனை அளந்து, டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியையும் பம்ப் டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரம்) சரிபாருங்கள். எந்தப் பாகத்தையும் அதற்குப் பிறகு வாங்கலாம்.

டீசல் பட்டறை: அளப்பது சரி. ஆனால் லைனரும் (சிலிண்டரின் உட்குழாய்) தேய்ந்திருந்தால் எப்படியும் எஞ்சினை இறக்க வேண்டும். அந்தச் செலவையும் டர்போ எஞ்சின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் தம்பி. கம்ப்ரஷன் அளவு வந்ததும் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக இங்கே போடுங்கள்.